தளபதிகளுக்கு ஒரு கட்டாயப் பிரசங்கம்

உலகத்தின் நாலா மூலைகளிலும் அமெரிக்க ராணுவத்துக்குத் தளங்கள் இருக்கின்றன. அந்தத் தளங்களிலிருந்தெல்லாம் ஜெனரல்களும், அட்மிரல்களும், அவர்களோடு மூத்த சார்ஜெண்டுகளுமாகச் சுமார் 800 பேர், 2025 செப்டம்பர் 30ம் தேதியன்று விர்ஜீனியா மாகாணத்திலுள்ள குவாண்டிகோ ராணுவ முகாமுக்கு வரவழைக்கப்பட்டார்கள். எதற்காக என்று முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. புதிய யுத்தம் மூளப்போகிறதோ, பெரிய தலைகள் உருளப்போகின்றனவோ என்று பத்திரிகைகள் ஊகம் செய்துகொண்டிருந்தன. வந்தது யுத்தம் அல்ல. வந்தது பிரசங்கம்.

முதலில் ராணுவ மந்திரி பீட் ஹெக்செத் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு ஜனாதிபதி டிரம்ப் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். தன் பெருமை, முந்தைய ஜனாதிபதி பைடன் மீது வசை, தனக்கு வரவேண்டிய நோபல் பரிசு, யுத்தக் கப்பல்களின் அழகு என்று தேர்தல் மேடையில் பேசுவதையெல்லாம் யூனிபாரம் அணிந்து உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் கொட்டினார். அந்த மாதம் 5ம் தேதிதான் பாதுகாப்பு இலாகாவை இனி 'யுத்த இலாகா' என்று அழைக்கலாம் என உத்தரவு போட்டிருந்தார். பெயரிலாவது உண்மை வந்ததே என்று நாம் திருப்திப்பட்டுக் கொள்ளலாம்.

திரையில் முகம் பார்த்துப் பேசும் வசதி எல்லா ராணுவத் தளங்களிலும் இருக்கிற காலம் இது. சேதி சொல்வதுதான் நோக்கமென்றால் இத்தனை பேரை விமானத்தில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. ஆட்களை நேரில் உட்கார வைத்தது, அவர்கள் பேச்சைக் கேட்பதற்காக மட்டும் அல்ல. கேட்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகவும்தான். என் பேச்சு பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம், ஆனால் பதவியும் போகும், எதிர்காலமும் போகும் என்று டிரம்ப் வேடிக்கை போலச் சொன்னார். இதைக் கேட்டு மனம் சோர்கிறவர்கள் கௌரவமாக ராஜினாமா செய்யட்டும் என்று ஹெக்செத் வேடிக்கை இல்லாமலே சொன்னார்.

மில்லில் வேலை செய்யும் நம் வாசகர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. மேஸ்திரிகளையும் சூப்பர்வைசர்களையும் ஆபீஸ் ஹாலில் கூட்டி, "கேட் திறந்துதான் இருக்கிறது, இஷ்டமில்லாதவன் போகலாம்" என்று முதலாளி பேசுகிற பேச்சுதான் இது. அப்படி ஒரு கூட்டம் நடந்தால் மறுநாள் ஷிப்டில் என்ன நடக்கும் என்பதையும் அவர்கள் அறிவார்கள். மேலே அழுத்தினால் வலிப்பது கீழே இருப்பவனுக்கு.

அன்று கீழே அழுத்தியது எதுவென்று பார்ப்போம். தொப்பை விழுந்த தளபதிகள் வேண்டாம், தாடி வேண்டாம் என்று ஹெக்செத் சொன்னதைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டுச் சிரித்தன. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதே பேச்சில், சாதாரணச் சிப்பாயைத் தொடும் வேறு இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, பயிற்சிக்கு வரும் புதுப் பையன்கள் மீது சார்ஜெண்டுகள் இனிமேல் கை வைக்கலாம், அவர்களுக்கு பயம் காட்டலாம் என்பது. இரண்டாவது, மேலதிகாரி மீது பெயர் போடாமல் புகார் கொடுக்கும் வழியை அடைப்பது. பெயரில்லாப் புகார் கூடாது, திரும்பத் திரும்பப் புகார் கொடுக்கிறவன் கூடாது என்றார் மந்திரி. ராணுவத்துக்குள்ளே புகார்களை விசாரிப்பதற்கென்றே இருக்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் முறையை மாற்றியமைக்கப் போவதாகவும் சொன்னார்.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் கோழை என்று சொல்பவர்கள் யார்? கையெழுத்துப் போட்டால் வேலை போகாது என்ற நிச்சயம் உள்ளவர்கள்தான். யூனியன் இல்லாத மில்லில், தறி ஓட்டுகிற பெண் மேஸ்திரியின் அட்டூழியத்தைக் கையெழுத்துப் போட்டா எழுதுவாள்? ராணுவத்தில் யூனியன் கிடையாது. அமெரிக்காவில் படையினர் சங்கம் வைப்பதைச் சட்டமே தடுக்கிறது. வேலை நிறுத்தம் கிடையாது. பிடிக்கவில்லை என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் உரிமை ஜெனரலுக்கு உண்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சிப்பாய்க்கு இல்லை. மிச்சமிருந்தது ஒரு துண்டுக் காகிதம். அதன் மீதும் கை வைத்திருக்கிறார்கள்.

புகாரை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 1946 பிப்ரவரியில் பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் இந்திய மாலுமிகளுக்குப் புழுத்த சோறும், கூலிக்காரன் மக்கள் என்ற வசவும்தான் கிடைத்துக்கொண்டிருந்தன. வெள்ளை அதிகாரியின் வாய்த்துடுக்கைப் பற்றி மாலுமிகள் முறைப்படி எழுத்து மூலம் புகார் கொடுத்தார்கள். புகாருக்குக் கிடைத்த பதில் எச்சரிக்கை. பிப்ரவரி 18ம் தேதி அவர்கள் சாப்பாட்டையும் வேலையையும் மறுத்தார்கள். சில நாட்களுக்குள் கராச்சி வரைக்கும் கப்பல் கப்பலாகப் பரவி, சுமார் 20,000 மாலுமிகள் சேர்ந்துவிட்டார்கள். காங்கிரஸ் கொடியும் லீக் கொடியும் செங்கொடியும் கப்பல்களில் ஒன்றாகப் பறந்தன. பம்பாய் மில் தொழிலாளர்கள் அவர்களுக்காக வேலை நிறுத்தம் செய்து தெருவில் குண்டடி பட்டுச் செத்தார்கள். அதிகாரி மட்டும் தன் நாவை அடக்கியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று நாம் சொல்லவில்லை. ஏகாதிபத்தியம் அப்போது உளுத்துப்போயிருந்தது. ஆனால் அந்த மாலுமிகள் முதலில் எடுத்தது துப்பாக்கியை அல்ல, பேனாவை என்பதை மறக்கக் கூடாது.

குவாண்டிகோவுக்குத் திரும்புவோம். டிரம்ப் பேசியதில் மிக ஆபத்தான பகுதி, அந்நிய நாட்டைப் பற்றியது அல்ல. சொந்த நாட்டைப் பற்றியது. உள்ளே இருந்தே படையெடுப்பு நடக்கிறது, அந்த எதிரி யூனிபாரம் போடாததால் அவனைச் சமாளிப்பது இன்னும் கஷ்டம், சில நகரங்களை நம் ராணுவத்தின் பயிற்சிக் களமாக உபயோகிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் என்று ஊர்ப் பெயர்களையும் அடுக்கினார். இந்த அறையில் இருக்கும் சிலருக்கு இதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்றும் அந்தத் தளபதிகளின் முகத்துக்கு நேரே சொன்னார்.

அது வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. அதே வருஷம் ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் குடியேற்ற அதிகாரிகள், துணி வியாபார வட்டாரத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களையும், தினக்கூலிக்காகக் கடை வாசல்களில் காத்து நின்றவர்களையும் மடக்கிப் பிடித்தார்கள். தட்டிக் கேட்டு வந்த சேவைத் தொழிலாளர் சங்கத்தின் கலிபோர்னியா தலைவர் டேவிட் ஹுவெர்ட்டாவும் ஜூன் 6ம் தேதி கைது செய்யப்பட்டார். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். உடனே, மாகாண கவர்னர் வேண்டாமென்று சொல்லியும், 4,000 தேசியக் காவல் படையினரும் 700 மரைன் சிப்பாய்களும் அந்த நகரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ராணுவத்தைப் போலீஸ் வேலைக்கு உபயோகிப்பதைத் தடுக்கும் 1878ம் வருஷச் சட்டத்தை இது மீறுகிறது என்று செப்டம்பர் 2ம் தேதி ஒரு மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்க்கார் அப்பீல் செய்தது. தீர்ப்பு வந்து நாலே வாரத்தில் குவாண்டிகோ கூட்டம். சட்டப் புத்தகத்தில் கிடைக்காத அனுமதியைத் தளபதிகளின் மௌனத்தில் பெற்றுக்கொள்ளப் பார்த்தார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

'உள்ளே இருக்கும் எதிரி' யார்? அமெரிக்கத் தொழிலாளி வர்க்கம் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ரத்தத்தால் விடை கண்டிருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் சண்டை போட்டுத் திரும்பிய சிப்பாய்கள், தங்களுக்குச் சேரவேண்டிய போனஸ் தொகையை நெருக்கடிக் காலத்திலேயே கொடுங்கள் என்று கேட்டு, 1932ல் ஆயிரக்கணக்கில் பெண்டு பிள்ளைகளோடு வாஷிங்டனில் குடிசை போட்டுத் தங்கினார்கள். வேலை இல்லை, வீடு இல்லை, சோறு இல்லை. கையில் இருந்தது யுத்தத்தில் வாங்கிய மெடல் மட்டும். ஜூலை 28ம் தேதி ஜெனரல் மக்ஆர்தர் குதிரைப் படையையும் டாங்கிகளையும் கண்ணீர்ப்புகையையும் கொண்டுவந்து அவர்களை விரட்டினார். குடிசைகள் எரிந்தன. பிறகு அவர் கொடுத்த விளக்கம், அங்கே கூடியிருந்தது புரட்சிக் கூட்டம் என்பது. அன்று எந்த ஜெனரலும் அரசியல் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை.

இதனால்தான், குவாண்டிகோவில் தளபதிகள் கை தட்டாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மேல்நாட்டு மிதவாதப் பத்திரிகைகள் பூரித்துப் போனதில் நாம் கலந்துகொள்ள முடியவில்லை. இவ்வளவு நிசப்தமான அறைக்குள் நான் நுழைந்ததே இல்லை என்று டிரம்பே சொன்னது உண்மை. கட்சி மேடைக்குக் கை தட்டாமல் இருப்பது அமெரிக்க ராணுவத்தின் பழைய சம்பிரதாயம். அவர்கள் பிரமாணம் எடுப்பது ஜனாதிபதிக்கு அல்ல, அரசியல் சட்டத்துக்கு. இதெல்லாம் சரிதான். கை தட்டாதது நல்லதே. ஆனால் அந்த 800 பேரில் ஒருவரும் எழுந்து போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வியட்நாமையும் இராக்கையும் சுட்டெரித்த உத்தரவுகள் இதே போன்ற அறைகளில், இதே போன்ற மௌனத்தில்தான் வாங்கிக் கொள்ளப்பட்டன. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வது ஜனநாயகத்துக்குக் காவல் ஆகாது.

கீழ்ப்படைகளின் நிலைமை இன்னும் கவலை தருவது. அதே வருஷம் ஜூன் 10ம் தேதி பிராக் கோட்டையில் டிரம்ப் பேசியபோது, யூனிபாரம் போட்ட இளம் சிப்பாய்கள் அவருடைய அரசியல் எதிரிகளின் பெயர் வந்தபோதெல்லாம் கூச்சல் போட்டார்கள். பத்திரிகை நிருபர்களைப் பார்த்துக் கேலி செய்தார்கள். நாம் அந்தப் பையன்களைத் திட்ட மாட்டோம். கல்லூரிச் சம்பளம் கட்ட வழியில்லை, வைத்தியச் செலவுக்கு வழியில்லை என்று படையில் சேர்ந்தவர்கள் அவர்களில் ஏராளம். அவர்களைத் தங்கள் சொந்த அண்ணன் தம்பிமார் மீது ஏவுவதற்கான பயிற்சி, துப்பாக்கியில் அல்ல, பிரசங்கத்தில்தான் தொடங்குகிறது.

இந்த வித்தைக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. 1961ல் மேற்கு ஜெர்மனியில் இருந்த எட்வின் வாக்கர் என்ற மேஜர் ஜெனரல், தன் கீழிருந்த டிவிஷன் முழுவதற்கும் கம்யூனிஸ்ட் எதிர்ப்புப் பாடம் நடத்தினார். முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனையே இளஞ்சிவப்பு என்று ஏசினார். விசாரணை வந்தது, பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், ராஜினாமா செய்தார். அடுத்த வருஷம் ஒரு நீக்ரோ மாணவர் — அந்தக் காலத்துச் சொல் அது. இன்று கறுப்பின மாணவர் என்போம் — மிசிசிப்பி சர்வகலாசாலையில் சேர வந்தபோது நடந்த வெறிக் கலகத்தில் இதே வாக்கர் போய் நின்று கைதானார். கலகம் நடந்தது 1962 செப்டம்பர் 30ம் தேதி. தேதிப் பொருத்தம் தற்செயல்தான். அன்று பாடம் நடத்திய ஜெனரலை சர்க்கார் கண்டித்தது, இன்று சர்க்காரே ஜெனரல்களைக் கூட்டிப் பாடம் நடத்துகிறது என்ற வித்தியாசம் தற்செயல் அல்ல.

கட்டாயம் கேட்க வேண்டிய பேச்சு எது என்பது செப்டம்பரில் தெரிந்தது. கேட்கக் கூடாத பேச்சு எது என்பது நவம்பரில் தெரிந்தது. முன்பு ராணுவத்திலும் உளவு இலாகாவிலும் வேலை பார்த்த ஆறு எதிர்க்கட்சி பார்லிமெண்டு அங்கத்தினர்கள், 2025 நவம்பர் 18ம் தேதி ஒரு சிறு படத்தை வெளியிட்டார்கள். அவர்கள் சிப்பாய்களுக்குச் சொன்னது ஒரே விஷயம்: சட்ட விரோதமான உத்தரவை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இது அவர்கள் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்க ராணுவச் சட்டத்திலேயே உள்ளது. இதற்கு டிரம்ப், இது ராஜத் துரோகம், மரண தண்டனைக்குரியது என்று எழுதினார். அவர்களில் ஒருவரும் ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரியுமான செனட்டர் மார்க் கெல்லி மீது யுத்த இலாகா விசாரணையைத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்ட கட்சிப் பேச்சைக் கேட்டே தீர வேண்டும். உன் சட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று இரண்டு நிமிஷம் சொன்னால் துரோகம்! ராணுவத்தில் அரசியல் கூடாது என்று எவ்வளவு காலமாகச் சொல்லிவந்தார்கள்!

இங்கே நம்மைப் பார்த்தே ஒரு கேள்வி கேட்பார்கள். செஞ்சேனையில் அரசியல் கமிசார்கள் இருக்கவில்லையா, உங்களவர்கள் சிப்பாய்களுக்கு அரசியல் பாடம் நடத்தவில்லையா என்று. இருந்தார்கள், நடத்தினார்கள். ஜாரின் பழைய அதிகாரிகளை வைத்துக்கொண்டு உள்நாட்டு யுத்தம் நடத்த வேண்டியிருந்த 1918ல், அவர்களைக் கண்காணிக்க வந்த ஏற்பாடு அது. பின்னாளில் அதில் குறைகள் புகுந்ததை மறைக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்க முடியாத வகுப்பு எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் அங்கிருந்து வெளியே வருவது ஆமாம்சாமிதான். ஆனால் கமிசாருக்கும் முன்பே பிறந்தது வேறொன்று. 1917 மார்ச் மாதம், ஜார் ஆட்சி கவிழ்ந்த அந்த வாரத்திலேயே, பெட்ரோகிராட் சோவியத் தன் முதல் உத்தரவைப் போட்டது. சிப்பாய்கள் தங்கள் கமிட்டிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். வேலை நேரம் போக மற்ற நேரத்தில் சிப்பாய்க்கு எல்லாப் பிரஜைகளுக்கும் உள்ள உரிமை உண்டு. அதிகாரிகளை 'மேன்மை தங்கிய' என்று அழைக்க வேண்டியதில்லை. அதிகாரி சிப்பாயை 'நீ' என்று ஒருமையில் அழைக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னதை நம் விவசாயத் தொழிலாளர்கள் இரண்டு தடவை படிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். வயது அறுபதானாலும் பண்ணையார் வீட்டுப் பொடியன் வாயால் 'டேய்' என்று கூப்பிடப்பட்டவர்கள் அவர்கள். நாம் கேட்கும் அரசியல் அதுதான்: சிப்பாய் பத்திரிகை படிக்கட்டும், ஓட்டுப் போடட்டும், சட்டம் தெரிந்துகொள்ளட்டும், தன்னை அடித்தவன் மீது புகார் கொடுக்கட்டும். யாருக்கும் கை தட்டும்படி அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

சட்டத்தைவிட உயர்ந்த ஒன்றையும் சிப்பாய் அறிந்திருக்கலாம். 1930 ஏப்ரல் 23ம் தேதி பெஷாவர் நகரத்தில் நிராயுதபாணிகளான பட்டாணியர்கள் மீது சுட மறுத்தது கர்வால் படைப் பிரிவு ஒன்று. இந்துச் சிப்பாய் முஸ்லிமைச் சுடத் தயங்க மாட்டான் என்பது வெள்ளைக்காரன் போட்ட கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்கிய ஹவில்தார் சந்திர சிங் கர்வாலி ஆயுள் தண்டனை பெற்றார். பிற்காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அவருக்கு யாரும் பிரசங்கம் செய்து சொல்லிக்கொடுக்கவில்லை. எதிரே நின்றவன் கையில் ஆயுதம் இல்லை என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை முடியவில்லை. குவாண்டிகோ கூட்டத்துக்கு மறுநாளே, அக்டோபர் 1ம் தேதி, செலவுக்கு அனுமதி கிடைக்காமல் மத்திய சர்க்கார் அலுவலகங்கள் 43 நாட்கள் முடங்கின. ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். சிப்பாய்களின் சம்பளத்துக்கே ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணத்தைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒரு லட்சம் கோடி டாலர் என்ற அளவை எட்டும் ராணுவ பட்ஜெட்டில், துப்பாக்கி தூக்குகிறவன் கூலி உத்தரவாதமில்லாத ஐட்டமாகிவிட்டது! சிகாகோவில் படை இறக்கும் முயற்சிக்கு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் இடம் தரவில்லை. கோர்ட்டை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதை அந்நாட்டுத் தொழிற்சங்கங்கள் நம்மைவிட நன்றாக அறியும்.

நம் வீட்டுக் கூரையையும் கொஞ்சம் அண்ணாந்து பார்ப்போம். இந்திய ராணுவம் அரசியலிலிருந்து விலகி நிற்பது என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. அக்கம்பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டால் பெருமைக்கு நியாயமும் உண்டு. ஆனால் 2019 பார்லிமெண்டுத் தேர்தலின்போது உத்தரப் பிரதேச முதல் மந்திரி மேடையேறி இந்திய ராணுவத்தை 'மோடியின் சேனை' என்றார். தேர்தல் கமிஷன் ஜாக்கிரதையாகப் பேசும்படி புத்தி சொன்னதோடு சரி. 2023ல் பாதுகாப்பு இலாகா, சர்க்காரின் சாதனைகளைக் காட்டி மக்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள இடங்கள் அமைக்கும் வேலையை ராணுவ அமைப்புகளின் தலையிலும் கட்டியது. எதிர்க்கட்சிகள் ஆட்சேபித்தன. குவாண்டிகோ ஒரே நாளில் வருவதில்லை. முதலில் போஸ்டர் ஒட்டச் சொல்வார்கள். பிறகு போஸ்டருக்கு முன்னால் வந்து உட்காரச் சொல்வார்கள்.

கட்சிப் பிரசாரத்தில் ராணுவத்தினரின் படங்களை உபயோகிக்கக் கூடாது என்று 2019 மார்ச் 9ம் தேதி தேர்தல் கமிஷன் எல்லாக் கட்சிகளுக்கும் அறிவுரை அனுப்பியது. அதை மீறினால் தண்டனை என்ன என்று கேட்டால் பதில் இல்லை. அந்த அறிவுரையைத் தண்டனையுள்ள சட்டமாக்க வேண்டும். ஆளும் கட்சியின் விளம்பர வேலை எதையும் ராணுவத்திடம் ஒப்படைக்கக் கூடாது என்பதையும் அதே சட்டத்தில் சேர்க்க வேண்டும். பார்லிமெண்டில் உள்ள இடதுசாரி அங்கத்தினர்கள் இதற்கான மசோதாவைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நம் கிளைகள் தோறும், மில் கேட்டிலும் கிராமத்துச் சாவடியிலும், பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பங்களைக் கூட்டி முதலில் அவர்களிடம் இந்த விஷயத்தைப் பேசுங்கள்.